சிறைக் காட்சியில நெருக்கம்: திருகோணமலையில குறும்படம் எடுக்கிற ஆக்களின்ர அனுபவக் குறிப்புகள்

உவர்மலையில இருந்து:
ரெண்டு கைதிகளுக்கு இடையில இருக்கிற அன்பைக் காட்டவேணும் எண்டால் முதல்ல சுவரைக் கவனியுங்கோ. அடூர் கோபாலகிருஷ்ணனின்ர ‘மதிலுகள்’ எண்ட மலையாளப் படத்தில, மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கைதி நாராயணியை ஒருக்காலும் காணமாட்டோம். பெண்கள் சிறைப் பக்கமிருந்து கே.பி.ஏ.சி. லலிதாவின்ர குரல் மட்டும் வரும். அவள் வந்திட்டாள் எண்டதுக்கு அடையாளம், மதிலுக்கு மேலால எழும்புற ஒரு காய்ஞ்ச கம்பு. கமரா அந்தப் பக்கம் ஒரேயொரு தரம் எட்டிப் பார்த்திருந்தாலும் இந்தப் பக்கக் கைதியா நடிச்ச மம்முட்டியின்ர முகத்தில இருக்கிற ஏக்கம் வீணாப் போயிருக்கும்.

குறும்படம் எடுக்கிற தம்பிமார் பிழைவிடுறது குரலிலதான். அறைக்குள்ள இருந்து மெல்லமாக் கதைச்சுப் பதிஞ்சிட்டு, எடிட்டிங்கில சத்தத்தைக் குறைக்கினம். அது தூரத்துக் குரலாக் கேக்காது, காதுக்குள்ள குசுகுசுக்கிற மாதிரித்தான் கேக்கும். மதில் தாண்டிக் கதைக்கிறவ தொண்டையை உயர்த்தித்தான் கதைப்பா. நடிகையை உண்மையான கல் மதிலுக்குப் பின்னால 3 மீற்றர் தள்ளி நிப்பாட்டி, மைக்கை இந்தப் பக்கம் வையுங்கோ. ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு 2, 3 செக்கன் மௌனம் விடுங்கோ. அந்த இடத்தில இசை போடவே வேண்டாம்.

பாலையூற்றில இருந்து:
செட் போடுறதெண்டால் 8 அடிக்கு 6 அடி காணும். கம்பிக்கு முக்கால் அங்குல பி.வி.சி. பைப், 4 அங்குல இடைவெளி, மினுங்காத கறுப்புப் பெயின்ற். நடிகர் பிடிச்சவுடன பைப் வளையும், எல்லாம் அம்பலமாகிடும். கை படுற ரெண்டு, மூண்டு பைப்புக்குள்ள மட்டும் இரும்புக் கம்பி விடுங்கோ. பிளைவூட் சுவரில தட்டினால் பெட்டியில தட்டின சத்தம் வரும். தட்டுற ஒலியைச் சீமெந்துச் சுவரில தனியாப் பதியுங்கோ.

செட் போடாமல் எங்கட பிரெட்ரிக் கோட்டைக்குள்ள எடுக்க ஆசைப்படுறவை கனபேர். உள்ள இராணுவம் இருக்கு, அனுமதி வேணும். அனுமதி கிடைச்சாலும் கடல் இரைச்சல் விடாது, மானும் குறுக்க வரும்.

உப்புவெளியில இருந்து:
பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ஜெனே 1950இல எடுத்த, வசனமே இல்லாத ‘Un chant d'amour’ எண்ட 26 நிமிடச் சிறைப் படத்தில, சுவர் ஓட்டைக்குள்ளால ஒரு வைக்கோல் தண்டை விட்டு, பக்கத்து அறைக்காரனுக்குச் சிகரெட் புகையை ஊதுவான் ஒருத்தன். தொடாமலே தொடுறது எண்டால் அதுதான்! அப்பிடி ஒண்டு எடுக்க லைற் புகைக்குப் பின்னால நிக்கவேணும். முன்னுக்கிருந்து அடிச்சால் புகை வெள்ளைச் சுவரோட கலந்து மறைஞ்சிடும். ஃபேனை நிப்பாட்டுங்கோ, யன்னலைச் சாத்துங்கோ. எங்கட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதால போன் கமராவின்ர சட்டரை (ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சம் வாங்குற நேரம்) 1/50 செக்கனில பூட்டுங்கோ. போன் தானா 1/60க்குப் போனால் மலிவான எல்.ஈ.டி. பல்ப் வெளிச்சத்தில பட்டை பட்டையா ஓடும்.

உவர்மலையில இருந்து, திரும்பவும்:
கச்சான் எண்ட தென்மேற்குக் காத்து அடிக்கிற மாசங்களில பின்னேரம் ஒலி பதியாதேங்கோ, கூரைத் தகரம் அடிச்சுக்கொண்டே இருக்கும். விடியக்காலமை 5 மணிக்கு எடுங்கோ. ஆக்கள் ஒருத்தரும் அசையாமல் அறையின்ர வெறும் சத்தத்தை ஒரு நிமிசம் பதிஞ்சு வையுங்கோ. மௌனத்தை வெட்டி ஒட்டேக்க அதுதான் கைகொடுக்கும்.