ஆறு மாசம் ஆகப்போற நேரத்துல ராஜினாமா எழுதித் தரச் சொல்றாங்க, என்ன செய்யலாம்?

கோட்டூர்த் தம்பி
அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் வந்து ஆறு மாசம் ஆகப்போகுது. கம்பெனியில ஆர்டர் இல்லன்னு ஆள் குறைக்கிறாங்க. நேத்து ஆபீஸ்ல கூப்பிட்டு, "நீயே ராஜினாமா எழுதிக் குடுத்துடு, ரெக்கார்டு நல்லா இருக்கும், அடுத்த வேலை சுலபமா கிடைக்கும்"னு சொன்னாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடணுமாம். ஏஜென்ட்டுக்குக் கட்ட வாங்கின கடன் ஊர்ல அப்படியே நிக்குது. புதுசா வந்தவனைத்தான் முதல்ல அனுப்புவாங்களா? இப்பல்லாம் ஒரு வேலையில எவ்வளவு நாள் இருந்தா போதும்? ராத்திரி தூக்கமே இல்ல, யாராவது சொல்லுங்க.

குடந்தை டல்லாஸ்
தம்பி, கடைசிக் கேள்விக்குச் சொல்றேன். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, ஜனவரி மாசம், "இப்ப இருக்கிற முதலாளிகிட்ட எத்தனை வருஷமா வேலை பாக்குறீங்க"ன்னு கேட்டுக் கணக்கெடுக்குது. எல்லாரையும் வரிசையா நிறுத்தி நடுவுல நிக்கிறவரைப் பாத்தா, 2014-ல 4.6 வருஷம், 2024-ல 3.9 வருஷம். 2002-க்கு அப்புறம் இதுதான் குறைச்சல். அதுலயும் 55 முதல் 64 வயசுக்காரங்க 9.6 வருஷம், 25 முதல் 34 வயசுக்காரங்க 2.7 வருஷம். உங்க வயசுல வேலை மாறுறது ஒரு குத்தமே இல்ல. பயோடேட்டாவுல "ஆட்குறைப்பு"ன்னு ஒரு வரி போட்டா யாரும் மேல கேட்கமாட்டாங்க.

பேராவூரணி துபாய்
அண்ணே, மாறுறது குத்தமில்லன்னு புதுப் பசங்ககிட்ட சொல்லாதீங்க. எத்தனை நாள் இருந்தோம்ங்கிறதுலதான் காசே இருக்கு. அமீரகத்துல ஒரு வருஷம் முடிச்சாதான் பணிக்கொடை, அதாவது வேலையை விடும்போது மொத்தமா தர்ற காசு. முதல் அஞ்சு வருஷத்துக்கு வருஷம் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதுக்கு மேல 30 நாள். பதினோரு மாசத்துல விட்டா ஒத்தை திர்ஹாம் வராது. 2023-ல வந்த வேலையிழப்புக் காப்பீடும் அப்படித்தான், தொடர்ந்து 12 மாசம் கட்டினவங்களுக்கு மட்டும் அடிப்படைச் சம்பளத்துல 60 சதவீதம், அதிகபட்சம் மூணு மாசம். முதல் ஆறு மாசம் சோதனைக் காலம், 14 நாள் நோட்டீஸ்ல அனுப்பிடலாம். எங்க போனாலும் முதல் வருஷம்தான் கழுத்தைப் பிடிக்கும். பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு தம்பி.

குடந்தை டல்லாஸ்
இருக்கணுமா வேணாமான்னு அவர் கையில இல்லையே. இன்னொண்ணு, வேலைக்காலம் நீண்டா வேலை உறுதியா இருக்குன்னு அர்த்தம் இல்ல. இங்க அமெரிக்காவுல அந்த நடுக்கணக்கு 2008-ல 4.1 வருஷம், 2010-ல 4.4, 2012-ல 4.6. ஏறிக்கிட்டே போன மாதிரி தெரியுதில்ல? ஆனா 2008 தொடக்கத்துலேர்ந்து ரெண்டு வருஷத்துல சுமார் 87 லட்சம் வேலை போச்சு. புதுசா சேர்ந்தவங்க முதல்ல வெளிய போனாங்க, புது ஆள் எடுக்கல, மிச்சம் இருந்தவங்க பயந்து நகரல. கோடையில குளம் வத்தினா பெரிய மீன் மட்டும் கண்ணுக்குத் தெரியுமே, அந்தக் கணக்குதான். தம்பியோட முதல் கேள்விக்கும் இதான் பதில். ஆமா, பல இடத்துல புது ஆளைத்தான் முதல்ல தொடுவாங்க.

நீடாமங்கலம்
நிரந்தரம்னு பேசுறோம், நம்ம பக்கம் எது நிரந்தரம்? 2012-லேர்ந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம் ஜூன் 12-ல மேட்டூர் திறக்கல. குறுவையே இல்லன்னா நடவும் இல்ல, களையெடுப்பும் இல்ல. தண்ணி வந்த வருஷத்துலயும் ஒரு ஏக்கர் அறுக்க பத்துப் பதினைஞ்சு ஆள் இறங்கின இடத்துல மெஷின் ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டுப் போயிடுது. அப்புறம் பிள்ளைங்க திருச்சியில விமானம் ஏறாம என்ன செய்யும்?

பேராவூரணி துபாய்
எங்க பக்கம் தென்னை. 2018 நவம்பர் 16 கஜா புயல் ஒரே ராத்திரியில சாய்ச்சுது. நெட்டை ரகம் நட்டா காய்ப்புக்கு வர அஞ்சாறு வருஷம். அதுவரைக்கும் வீட்டுக்கு யார் அனுப்புறது? இந்தக் கொடுமையில ஏஜென்ட்டுங்க வேற, ரசீது கேட்டா முகத்தைத் திருப்பிக்கிறாங்க.

அம்மாப்பேட்டை அக்கா
எல்லாரும் கொஞ்சம் பொறுங்க, வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு நாள்தான் இருக்கு. தம்பி, முதல்ல ஒண்ணு: அந்தத் தாள்ல கையெழுத்துப் போடாதீங்க. நீங்களா விலகினா நோட்டீஸ் சம்பளம் கிடைக்காது, உடனே நிக்கிறதா எழுதியிருந்தா அவங்க உங்ககிட்ட கேட்கலாம். கட்டாயப்படுத்தி எழுதவெச்சாங்கன்னு நிரூபிக்கிற பாரமும் உங்க தலையில வரும். பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற கம்பெனி ஆட்குறைப்பு செஞ்சா அஞ்சு வேலைநாளுக்குள்ள மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்கணும். ராஜினாமான்னு ஆகிட்டா அந்தக் கணக்குலயே நீங்க வரமாட்டீங்க.

இப்ப இதையெல்லாம் சொல்லுங்க. உங்க வேலை அனுமதி எது, ஒர்க் பெர்மிட்டா, நடுத்தரத் திறன் வேலைக்குக் குடுக்கிற எஸ் பாஸா? எந்தத் தேதி சேர்ந்தீங்க? ஒப்பந்தத்துல நோட்டீஸ் எவ்வளவு? கடைசி நாள் எதுன்னு போட்டிருக்காங்க? சிங்கப்பூர் ஏஜென்சிக்கு எவ்வளவு கட்டினீங்க, ரசீது இருக்கா? நடுவுல ஊருக்குப் போனீங்களா?

கோட்டூர்த் தம்பி
எஸ் பாஸ்க்கா, சம்பளம் 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). செப்டம்பர் 8 சேர்ந்தேன், அதுக்கு முந்தின நாள்தான் வந்து இறங்கினேன். பொங்கலுக்குக்கூட ஊருக்குப் போகல. ஒப்பந்தத்துல ஒரு மாசம்னு இருக்கு. தாள்ல கடைசி நாள் பிப்ரவரி 28. இங்க உள்ள ஏஜென்சிக்கு ஒரு மாசச் சம்பளம் கட்டினேன், ரசீது இருக்கு. ஊர்ல கட்டினதுக்கு ஒண்ணும் இல்ல.

அம்மாப்பேட்டை அக்கா
நல்லது, இந்தத் தேதிகள்தான் உங்களுக்குப் பலம்.

நோட்டீஸ்: ஒப்பந்தத்துல எழுதியிருந்தா அதுதான் செல்லும். எழுதாம இருந்தாதான் சட்டத்துல உள்ள அளவு. 26 வாரத்துக்குக் கீழ ஒரு நாள், 26 வாரத்துலேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள ஒரு வாரம், அஞ்சு வருஷத்துக்குள்ள ரெண்டு வாரம், அதுக்கு மேல நாலு வாரம். உங்களுக்கு ஒரு மாசம் எழுதியிருக்கிறது பெரிய வித்தியாசம்.

ஏஜென்சிக் கட்டணம்: முதல் ஆறு மாசத்துக்குள்ள முதலாளி வேலையை முடிச்சா, உரிமம் உள்ள சிங்கப்பூர் ஏஜென்சி வாங்கினதுல பாதியாவது திருப்பித் தரணும். நீங்களா விலகினா அது கிடையாது. உங்களுக்கு ஆறு மாசம் மார்ச் 7-ஓட முடியுது. நோட்டீஸ் காலம் முழுக்க வேலை வாங்கினா அந்தத் தேதி தாண்டிடும், ஆனா ஒரு மாசச் சம்பளம் வரும். நோட்டீஸுக்குப் பதிலா பணம் குடுத்து 28-லயே நிறுத்தினா ஏஜென்சிகிட்ட பாதியையும் கேளுங்க. ஊர்ல கட்டினதை இந்த விதி தொடாது.

வரி: இதைப் பலர் கோட்டை விடுறாங்க. வேலை பாத்த நாளும் அதுக்கு முன்ன பின்ன தொடர்ந்து தங்கின நாளும் சேர்த்து 183 நாள் இருந்தா, ரெண்டு காலண்டர் வருஷத்துல பரவியிருந்தாலும் உங்களை உள்ளூர்வாசியா வெச்சுத்தான் வரி போடுவாங்க. அப்ப முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்ல. 183 ஆகலன்னா செப்டம்பர் முதல் டிசம்பர் வரைக்குமான சம்பளத்துக்கு 15 சதவீதம். சம்பளம் 12,000 வெள்ளின்னு வெச்சாலே 1,800 போயிடும். செப்டம்பர் 8-லேர்ந்து எண்ணினா மார்ச் 9 அன்னைக்கு 183. எஸ் பாஸ் ரத்தானா பொதுவா 30 நாள் குறுகிய காலப் பாஸ் குடுப்பாங்க. அதுல வேலை பாக்கக் கூடாது, தங்கலாம். 28-ம் தேதியே அனுப்பிட்டாலும் மார்ச் 9 தாண்டற வரைக்கும் விமானம் ஏறாதீங்க. வரிக் கணக்கைத் தீர்த்து முடிக்கிற வரைக்கும் கம்பெனி உங்க பாக்கிச் சம்பளத்தைப் பிடிச்சுவெக்கும், அது முறைதான், பதறாதீங்க.

ஆட்குறைப்பு உதவித்தொகை: ரெண்டு வருஷம் முடிச்சவங்களுக்குத்தான் வழக்கமா பேசுறது, வருஷத்துக்கு ரெண்டு வாரத்துலேர்ந்து ஒரு மாசச் சம்பளம். உங்களுக்கு வராது, அதுல நேரம் போக்க வேணாம். எடுக்காத வருஷ விடுப்புக்குக் காசு கேளுங்க.

அடுத்த வேலை: எஸ் பாஸ்னா புது முதலாளி விண்ணப்பிக்கப் பழைய முதலாளி சம்மதம் தேவையில்ல. பாஸ் உயிரோட இருக்கும்போதே இன்னைக்கே தேட ஆரம்பிங்க. 3,300-க்குக் கீழ சம்பளம் சொன்னா ஒத்துக்காதீங்க, பாஸே கிடைக்காது.

சம்பளப் பாக்கி வந்தா டாடம்னு சொல்ற முத்தரப்புச் சச்சரவு அமைப்புல கடைசி நாள்லேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள குடுக்கணும். தவறா நீக்கினாங்கன்னு புகார்னா ஒரே மாசம்தான்.

கோட்டூர்த் தம்பி
கோடி நன்றிக்கா. நாளைக்குக் கூப்பிட்டா வாயில என்ன சொல்றது?

அம்மாப்பேட்டை அக்கா
வாயில சண்டை வேணாம். "யோசிச்சு மெயில்ல சொல்றேன்"னு எழுந்து வந்துடுங்க. மெயில்ல ரெண்டு வரி: "நான் ராஜினாமா செய்யவில்லை. நிறுவனம் என் பணியை முடிப்பதாக இருந்தால், ஒப்பந்தப்படி ஒரு மாத நோட்டீஸை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்." இதை ஆங்கிலத்துல போட்டு அனுப்புங்க, உங்க சொந்த மெயிலுக்கும் ஒரு காப்பி. ஒப்பந்தம், வேலை விவரத் தாள், ஆறு மாசப் பே ஸ்லிப், ஏஜென்சி ரசீது எல்லாத்தையும் இன்னைக்கு ராத்திரியே போன்ல படம் எடுத்துவெச்சுடுங்க. நாளைக்குக் கம்பெனி மெயிலை மூடிட்டாங்கன்னா பே ஸ்லிப்பை எடுக்க முடியாது.