கைபேசியா, கனத்த அகராதியா?

ராயபுரத்தார்:
"தமிழும் ஆங்கிலமுமாகப் பிழைப்பவருக்குக் கைபேசி போதும், அச்சு அகராதியை எடைக்குப் போடுங்கள்" என்று பெரம்பூர்த் தம்பி தீர்ப்பு வழங்கியிருக்கிறார். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது நம் பகுதிகள் பலவற்றில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லையே, அப்போது கைபேசி என்ன செய்தது?

பெரம்பூரான்:
வெள்ளத்தில் அகராதி புரட்டியவர் நீங்கள் ஒருவர்தான் ஐயா. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும், 1862இல் வந்த வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதியும் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. அத்தனையையும் எந்தப் பரணில் ஏற்றுவீர்கள்?

ராயபுரத்தார்:
கேட்டதற்குப் பதில் வரவில்லை. மின்சாரம் இல்லை. கைபேசி என்ன செய்தது?

பெரம்பூரான்:
பவர் பேங்க் இருந்தது.

ராயபுரத்தார்:
அதற்கு யார் சார்ஜ் ஏற்றினார், வருண பகவானா?

வியாசர்பாடி ஆசிரியை:
எங்கள் வீட்டில் இடுப்பளவுத் தண்ணீர். முதலில் ஊறியது அச்சு அகராதிதான். கைபேசி என் கையில் பத்திரமாக இருந்தது.

ராயபுரத்தார்:
கீழ்த்தட்டில் வைத்தது யார் குற்றம், அம்மா? அரிசியை மட்டும் மேலே ஏற்றினீர்களே.

வியாசர்பாடி ஆசிரியை:
அரிசியைச் சாப்பிடலாம்.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்:
சண்டைக்கு நடுவே ஒன்று. பேரகராதி 1936இல் முடிந்தது, 1939இல் ஒரு பின்னிணைப்பு. இன்றைய வழக்கு வேண்டுமென்றால் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு இருக்கும் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பாருங்கள். 1992, 2008, 2020 என்று மூன்று பதிப்புகள். திரையா தாளா என்பதைவிட எந்த அகராதி என்பதல்லவா கேள்வி?

ராயபுரத்தார்:
உபதேசம் நன்று. என்னிடம் இரவல் வாங்கிய லிப்கோ அகராதியை முதலில் திருப்பித் தாருங்கள். ஃபெப்ரிசியசின் தமிழ்–ஆங்கில அகராதியை 1779லேயே வேப்பேரியில் அச்சடித்த மண் இது. வடசென்னைக்காரனுக்கு அகராதி பற்றிப் பாடம் வேண்டாம்.

பெரம்பூரான்:
வேப்பேரி எப்போது வடசென்னை ஆனது?

ராயபுரத்தார்:
பெரம்பூர் ஆகலாம், வேப்பேரி ஆகக்கூடாதா? பேச்சை மாற்றாதீர்கள். மின்சாரம் இல்லாதபோது கைபேசி என்ன செய்தது?

பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்:
லிப்கோவை உங்கள் மகனிடமே கொடுத்துவிட்டேன். வீட்டில் கேளுங்கள்.

ராயபுரத்தார்:
என் மகனை இழுக்காதீர்கள். அவனும் கைபேசிக் கட்சிதான், அவன் அதைத் தொட்டிருக்கவே மாட்டான்.

வியாசர்பாடி ஆசிரியை:
மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் வேறொன்று வாங்கித் தருகிறேன், விடுங்கள்.

ராயபுரத்தார்:
வேறொன்று எதற்கு? ஓரமெல்லாம் நான் பென்சிலால் எழுதிவைத்த குறிப்புகள் அதில்தான் இருக்கின்றன. அவற்றையும் சிகாகோவிலிருந்து இறக்கித் தருவாரா உங்கள் பெரம்பூரான்?