அரிவாள் செல் டி.என்.ஏ. சோதனை: மழைக்காலத்தில் ஏ.ஏ. (இயல்பான) ஆட்களும் ஏ.எஸ். (ஒரு ஜீன் மட்டும் மாறிய கேரியர்) எனத் தெரிகிறார்கள்

கோத்தகிரி_லேப்
வணக்கம். ஏறத்தாழ 1800 மீட்டர் உயரத்தில், இருளர், குறும்பர் ஊர்களுக்கான சிறு ஆய்வகம். முதலில் சால்யுபிலிட்டி டெஸ்ட் (அரிவாள் செல் ஹீமோகுளோபின் கரையாமல் கலங்குகிறதா எனப் பார்ப்பது); அட்டையில் உலர்த்திய ரத்தத்தில் பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பெருக்குவது) செய்து, டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் டிடிஇ-1 என்சைமால் வெட்டி ஜெல்லில் பார்க்கிறோம். மழை மாதங்களில் சில மாதிரிகளில் பேண்டே (டி.என்.ஏ. கோடு) விழுவதில்லை. சால்யுபிலிட்டியில் நெகட்டிவ் ஆன சிலர் ஜெல்லில் ஏ.எஸ். எனத் தெரிகிறார்கள். கரண்ட் வேறு அடிக்கடி போகிறது. எங்கிருந்து சரிபார்ப்பது?

ஜெல்_மேசை
ஏ.எஸ். பிரச்சினை முதலில். டிடிஇ-1 வெட்டுவது இயல்பான ஜீனை. அரிவாள் செல் மாற்றம் அந்த வெட்டிடத்தை அழித்துவிடும். ஆகவே அரைகுறையாக வெட்டுப்பட்ட ஏ.ஏ., அச்சு அசலாக ஏ.எஸ். போலவே இருக்கும். ஒவ்வொரு ரன்னிலும் ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ட்ரோலாக, தெரிந்த ஏ.ஏ., ஏ.எஸ்., எஸ்.எஸ். (நோயாளி), கூடவே வெறும் தண்ணீர் ஒன்று ஓட்டுங்கள். ஏ.ஏ. கண்ட்ரோலில் வெட்டாத பேண்ட் மிச்சமிருந்தால் அந்த ரன் முழுவதும் செல்லாது.

என்சைம் எந்த ஃப்ரீசரில் இருக்கிறது? ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்றால் மாற்றுங்கள். பனியை உருக்க அது அடிக்கடி சூடாகும். என்சைம் அளவு மொத்தக் கலவையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் என்சைமோடு வரும் கிளிசரால் வெட்டுவதைக் கெடுக்கும். குளிர்ந்த அறையில் டிரை பாத்தில் (நீரில்லாத சூடாக்கும் கட்டை) வைத்தால் நீர் ஆவியாகி மூடியில் படியும். சூடான மூடியுள்ள பி.சி.ஆர். மெஷினிலேயே 37 டிகிரியில் 3 மணி நேரம் வையுங்கள். மெஷினுக்கு ஆன்லைன் யு.பி.எஸ். கட்டாயம்.

மலைச்சரிவு
பேண்ட் விழாததற்கு ஈரம்தான் என் முதல் சந்தேகம். ரத்த அட்டையை வெயில் படாமல் கிடைமட்டமாக 4 மணி நேரம் உலர்த்துவது கோடையில் போதும். மழையில் இரவு முழுக்க விடுங்கள். பிறகு சிலிக்கா ஜெல்லும் ஈரங்காட்டி அட்டையும் போட்ட ஜிப் கவர். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்துகளில் ஹெப்பாரின் குழாய் ரத்தம் பி.சி.ஆரைத் தடுக்கும், ஈ.டி.டி.ஏ. குழாய் மட்டும் வாங்குங்கள்.

டி.என்.ஏ.வைப் பிரிப்பது செலெக்ஸ் மணிகளோடு ரத்தத்தைச் சூடாக்கும் முறையிலா? உங்கள் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த வாட்டர் பாத் வேண்டிய 95-ஐத் தொடாது. மூடியைப் பூட்டி டிரை பிளாக்கில் வையுங்கள். செலெக்ஸ் மணிகள் பி.சி.ஆருக்குள் போனால் பி.சி.ஆருக்குத் தேவையான மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், பேண்ட் விழாது. சுழற்றிவிட்டு மேல் நீரை மட்டும் எடுங்கள்.

ஆட்டோகிளேவையும் பாருங்கள். அங்கே 15 பி.எஸ்.ஐ. அழுத்தம் காட்டும்போது உள்ளே சுமார் 118 டிகிரிதான். கிருமிநீக்கத்துக்கான 121-க்கு ஏறத்தாழ 18 பி.எஸ்.ஐ. வேண்டும். வால்வு அதைத் தாங்காதென்றால் நேரத்தைக் கூட்டி, ஸ்போர் ஸ்ட்ரிப் (கிருமி வித்துகள் தடவிய சோதனைப் பட்டை) வைத்து உறுதிசெய்யுங்கள்.

ரத்தவியல்_நீலகிரி
டி.என்.ஏ. ஒன்றை மட்டும் வைத்து ரிப்போர்ட் கொடுக்காதீர்கள். டிடிஇ-1 அந்த ஓர் இடத்தைத்தான் படிக்கும், பீட்டா தலசீமியா (ஹீமோகுளோபின் குறைவாக உருவாகும் பரம்பரைக் கோளாறு) தெரியாது. ஜெல்லில் ஏ.எஸ்., ஆனால் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி.யில் எஸ் (அரிவாள் செல் வகை) அளவு ஏ-வைவிட (இயல்பான வகை) கூடுதல் என்றால், அவர் வெறும் கேரியர் அல்ல; எஸ்-பீட்டா தலசீமியா நோயாளியாக இருக்கலாம். அண்மையில் ரத்தம் ஏற்றியவர்களிடம் எச்.பி.எல்.சி. குழப்பும் என்பதால் அதையும் கேட்டுக் குறித்துவையுங்கள். சால்யுபிலிட்டி நெகட்டிவையும் முழுக்க நம்ப முடியாது: 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அது உதவாது, ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இருந்தால் ரத்த அளவை இரட்டிப்பாக்க வேண்டும்.

முடிவை ஊர்க்கூட்டத்தில் வாசிப்பது கூடவே கூடாது. 1952இலேயே அரிவாள் செல் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்த மலை இது; அவரவர் முடிவு அவரவர் கைக்கு, தனியாகப் போகட்டும்.

கோத்தகிரி_லேப்
ஃப்ரீசர் ஃப்ராஸ்ட் ஃப்ரீதான், மாற்றுகிறோம். கண்ட்ரோல் டி.என்.ஏ. எங்கே கிடைக்கும்?

ஜெல்_மேசை
எச்.பி.எல்.சி.யில் உறுதியானவர்களிடம் எழுத்துச் சம்மதம் வாங்கி ஈ.டி.டி.ஏ. ரத்தம் 2 மி.லி. எடுங்கள். டி.என்.ஏ.வை 20 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து உறையவைத்து, ரன்னுக்கு ஒரு குழாய் மட்டும் வெளியே எடுங்கள்.