குழந்தையின் காதில் கொலஸ்டியடோமா: பின்சுவரை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா?

கேள்வி:
என் மகளுக்கு 7 வயது. ஓராண்டாக இடது காதில் துர்நாற்றத்துடன் சீழ் வடிகிறது. சொட்டு மருந்து விட்டால் பத்து நாள் நிற்கிறது. பிறகு தலையணை உறையில் மறுபடியும் மஞ்சள் கறை தெரிகிறது. சி.டி. ஸ்கேன் எடுத்த பின், கொலஸ்டியடோமா, அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்றார்கள். காதுக்குழாயின் பின்சுவரை வைத்துக்கொண்டே செய்யலாம், ஆனால் ஓராண்டு கழித்துத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும் என்கிறார் ஒரு மருத்துவர். சுவரை எடுத்துவிட்டால் ஒரே தடவையில் முடிந்துவிடும் என்கிறார் மற்றொருவர். இரண்டு முறை மயக்க மருந்து கொடுக்க மனம் வரவில்லை.

பதில் (காது மூக்கு தொண்டை மருத்துவர்):
இது புற்றுநோய் அன்று. பெரும்பாலும் செவிப்பறை உள்நோக்கி இழுக்கப்பட்டுப் பையாகி, அதில் உதிரும் தோல் செதில்கள் வெளியேற வழியின்றிச் சேர்வதால் உண்டாகிறது. ஆனால் அது எலும்பை அரிக்கும். நடுச்செவியில் ஒலியைக் கடத்தும் சிறு எலும்புகளில் ஒன்றான பட்டடை எலும்பில் தொடங்கி முகநரம்பின் உறை வரைக்கும் போகக்கூடும் என்பதால், மருந்தை மட்டும் நம்பிக் காத்திருக்கக் கூடாது. நோயை முழுமையாக அகற்றிக் காதை உலர்ந்த நிலைக்குக் கொண்டுவருவது முதல் நோக்கம். கேட்கும் திறன் அதற்கு அடுத்ததுதான்.

குழந்தைகளுக்கு இது பெரியவர்களைவிட வேகமாகப் பரவுகிறது, திரும்பவும் வருகிறது. சுவரை வைத்துக்கொண்டால் காதின் இயல்பான அமைப்பு நிலைக்கும். ஆயினும் துளித் தோல் தங்கினாலும் மீண்டும் வளரும் என்பதால்தான் அந்த இரண்டாவது பார்வை. சுவரை எடுத்தால் உண்டாகும் பெரிய குழியை வாழ்நாள் முழுவதும் அவ்வப்போது சுத்தம் செய்து, தண்ணீர் படாமல் காக்க வேண்டும். ஆகவே 'ஒரே தடவை' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தவறாமல் மறுபரிசோதனைக்கு வர முடியுமென்றால், சுவரைக் காப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

பதில் (ஒரு தந்தை):
நோய் அதிகம் பரவியிருந்ததால் என் மகனுக்குச் சுவரை எடுக்க நேர்ந்தது. காதில் சீழ் நின்றது. அதற்கே நன்றி சொல்கிறோம். ஆனால் ஆறு மாதத்திற்கொரு முறை நுண்ணோக்கியின் கீழ் உறிஞ்சிச் சுத்தம் செய்யும்போது, அந்தச் சத்தத்தில் தலைசுற்றி என் கட்டைவிரலை இறுகப் பற்றிக்கொள்கிறான். இதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இரண்டாவது அறுவைக்குப் பதில் எம்.ஆர்.ஐ. போதாதா?

பதில் (மருத்துவர்):
இதற்கென எடுக்கப்படும் டிஃப்யூஷன் வகை எம்.ஆர்.ஐ. பலருக்கு இரண்டாவது அறுவையைத் தவிர்க்க உதவுகிறது. ஆனால் சுமார் 3 மில்லிமீட்டருக்கும் சிறிய எச்சம் அதில் தப்பிவிடலாம் என்பதால், ஒரு முறை எடுத்ததோடு நிறுத்தாமல் சில ஆண்டுகள் தொடர்ந்து எடுக்க வேண்டும். முதல் அறுவையின்போது எல்லா மூலைகளும் எண்டோஸ்கோப்பில் தெரிந்தனவா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சந்தேகமான இடம் இருந்ததென அவர் சொன்னால், திறந்து பார்ப்பதே பாதுகாப்பானது.