உட்கருவுக்குள் இருப்பவற்றுக்குப் பொதுப்பெயர்: அவசரம்

வியாசர்பாடி ஆசிரியை:
வணக்கம். மாலை வகுப்புக்கான உயிரணுக் கையேடு திங்கட்கிழமை வண்ணாரப்பேட்டை அச்சகத்துக்குப் போக வேண்டும். உயிரணுவின் உட்கருவுக்குள் (நியூக்ளியஸ்) தனித்தனியே தெரியும் நியூக்ளியோலஸ், காஹால், ஸ்பெக்கிள் போன்ற சிறு அமைப்புகளுக்கு ஆங்கிலத்தில் 'நியூக்ளியர் பாடி' என்று பொதுப்பெயர். தமிழில் எல்லாவற்றையும் சேர்த்து என்னவென்று சொல்வது? மொழிபெயர்ப்புச் செயலி 'அணுக்கரு உடல்' என்றது. அதைப் படித்த மாணவி, 'கல்பாக்கம் பாடமா அம்மா?' என்று கேட்டாள்.

இராயபுரம் புலவர்:
'உட்கருத்திரள்' என்று வையுங்கள் அம்மா. திரள், திரட்டு, திரை எல்லாம் ஒரே வேர். பால் திரைந்தால் நீர் ஒருபுறம், திரள் ஒருபுறம். 'உடல்' என்றால் தோல் வந்துவிடும். 'பிண்டம்' வேண்டவே வேண்டாம்.

பெரம்பூர் ஆய்வாளர்:
ஐயா சொல்வது பொருந்துகிறது. இவற்றுக்குச் சவ்வு கிடையாது. புரதமும் ஆர்என்ஏவும் கூடித் தனியே நிற்கின்றன. பாராஸ்பெக்கிள் என்ற இன்னொரு வகையில் நீட்1 என்னும் ஆர்என்ஏவை எடுத்துவிட்டால் மொத்தமும் கலைந்துவிடும். ஆனால் கையேட்டில் இவற்றை வெறும் 'சேமிப்பிடம்' என்றிருப்பதைத் திருத்துங்கள். மனிதரில், புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்கான ஆர்என்ஏ மரபணுக்கள் 13, 14, 15, 21, 22 ஆகிய குரோமோசோம்களில் சிதறியிருந்தாலும், நியூக்ளியோலஸில்தான் ஒன்றுகூடுகின்றன. ஸ்பெக்கிளை ஒட்டிய மரபணுக்கள் பெரும்பாலும் மும்முரமாக வெளிப்படுகின்றன. நியூக்ளியோலஸின் ஓரத்தில் ஒதுங்கிய குரோமோசோம் பகுதிகள் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கின்றன. ஆகவே இடத்தைச் சுட்டும் 'உட்கருக்களம்' என் முன்மொழிவு.

தண்டையார்பேட்டை மொழிபெயர்ப்பாளர்:
களம் என்றால் குரோமோசோம் பிடித்திருக்கும் பரப்பை என்னவென்று சொல்வது? இலங்கையில் நியூக்ளியோலஸைப் 'புன்கரு' என்கிறார்கள். புன்னகையில் வரும் அதே புன். எவ்வளவு அழகு!

வியாசர்பாடி ஆசிரியை:
அழகுதான், ஆனால் அது ஒன்றுக்கு மட்டும் உரிய பெயர். 'உட்கருத்திரள்' என்று பலகையில் எழுதினேன். எல்லோரும் 'உட்கருத்து' என்று படித்துவிட்டு, மிச்சமிருந்த 'இரள்' புரியாமல் விழித்தார்கள். 'உட்கருத்துளி' என்றால் உளி வருகிறது.

இராயபுரம் புலவர்:
அதற்காக 'த்' என்ற ஒற்றை விடச் சொல்லாதீர்கள், தொகைச்சொல்லில் வல்லினம் மிகத்தான் வேண்டும். விரித்து 'உட்கருவின் திரள்' என்று எழுதினால் ஒற்றும் மிகாது, கருத்தும் குறுக்கே வராது.

தண்டையார்பேட்டை மொழிபெயர்ப்பாளர்:
நீளம். இருந்தாலும் புரிகிறது, ஏற்கிறேன்.

வியாசர்பாடி ஆசிரியை:
அப்படியே அச்சுக்கு அனுப்புகிறேன். 'சேமிப்பிடம்' என்பதை நீக்கிவிட்டேன்.

பெரம்பூர் ஆய்வாளர்:
அனுப்புங்கள். என் மறுப்பு மட்டும் பதிவில் இருக்கட்டும். திரள் என்பது எதனால் ஆனது என்று சொல்கிறது. மரபணு அதன் அருகே போனால் என்ன நடக்கிறது என்பதற்கு இந்தப் பெயரில் இடமே இல்லை.