புதுப்பிப்பு: வேலூர்ல எங்க சாப்பிடலாம்னு கேட்டிருந்தேனே

கொல்கத்தாவிலிருந்து சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வர்ற நண்பர் குடும்பத்தை எங்க சாப்பிடக் கூட்டிட்டுப் போறதுன்னு இங்க கேட்டிருந்தேன். பாதிப் பேர் ஆம்பூர் போய் பிரியாணி சாப்பிடுன்னீங்க, மீதிப் பேர் ஊருக்குள்ளயே பாருன்னீங்க. ரெண்டும் ஆச்சு.

காந்தி ரோடு பக்கத்துச் சந்துல வங்காள எழுத்துல போர்டு வெச்ச மீன்குழம்புச் சோத்துக் கடைங்க இருக்கே, நண்பரோட அம்மாவுக்கு அதுவே போதும்னு ஆயிடுச்சு. வைத்தியத்துக்கு வந்தவங்களுக்கு ஊர் ருசிதான் முதல்ல வேணும்போல.

ஆம்பூருக்கு நண்பரும் நானும் மட்டும். மத்தியானத்துக்கு முன்னாடியே போகச் சொன்ன அண்ணனுக்கு நன்றி, பிரியாணி தம் உடைச்ச சூட்டுலயே கிடைச்சுது. சீரகச் சம்பா, காஞ்ச மிளகாயை ஊறவெச்சு அரைச்ச காரம், மசாலா வாசனை தூக்கலா இல்ல. நண்பர் கரண்டியால கிளறிக் கிளறி, "உருளைக்கிழங்கு எங்க?"ன்னாரு. அவங்க ஊர் பிரியாணியில அது கட்டாயம். கிழங்குக்குப் பதிலா கத்திரிக்காய்ப் புளிக்கூட்டு வந்துச்சு. பிரியாணிக்குக் கத்திரிக்காயான்னு முழிச்சவரு, அப்புறம் கறியை விட்டுட்டு அதைத்தான் ரெண்டாம் தடவை கேட்டாரு!

இங்க ஒருத்தர் சொன்ன பைபாஸ் கடை மட்டும் சரியில்ல. சூடு பண்ணின பழைய சோறு. பேர் வேண்டாம்.

ஆற்காடு மக்கன் பேடா பொட்டலம் கட்டிக் கொடுத்தாச்சு. பாக்க குலாப் ஜாமூன் மாதிரிதான், ஆனா உள்ள முந்திரி, திராட்சை இருக்கும்; அதை குலாப் ஜாமூன்னு சொன்னா ஆற்காட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க.

அவங்களுக்கு ராத்திரி ரயில். காட்பாடி ஸ்டேஷன் பக்கம் காரமில்லாத இட்லி, சாம்பார் எங்க நல்லாருக்கும்? சொல்லுங்கப்பா.