மறுமொழி: 'உயிர்வாழ் மண்டலம்' வேண்டாமே, 'நீர்வாய்ப்பு வலயம்' எப்படி?

ஐயா, வணக்கம். ஒரு விண்மீனைச் சுற்றி, கோளின் மேற்பரப்பில் நீர் திரவமாக நிற்கக்கூடிய தொலைவில் உள்ள பகுதியை ஆங்கிலத்தில் ஹாபிடபிள் ஜோன் (habitable zone) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நீங்கள் எழுதியதற்கு என் மறுமொழி இது.

> ஹாபிடபிள் ஜோனுக்கு 'உயிர்வாழ் மண்டலம்' என்றே வைத்துவிடலாம். எளிதாக இருக்கிறது.

எளிதுதான். ஆனால் 'உயிர்வாழ்' வினைத்தொகை ஆயிற்றே. உயிர் வாழ்ந்த, வாழ்கின்ற, வாழும் என்று முக்காலத்துக்கும் விரியும். அல்சூரில் நம் பிள்ளைகளுக்கு வானியல் வகுப்பெடுத்தபோது இந்தச் சொல்லைப் பலகையில் எழுதினேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி உடனே, "அப்போ அங்க யார் சார் வாழறாங்க?" என்றாள். தமிழ் தெரிந்த பிள்ளை அப்படித்தானே கேட்கும்!

1961இல் அமெரிக்க வானியலாளர் ஃபிராங்க் டிரேக், பால்வெளியில் நம்மோடு தொடர்புகொள்ளக்கூடிய நாகரிகங்கள் எத்தனை இருக்கும் என்று மதிப்பிட ஒரு சமன்பாடு எழுதினார். அதில் உயிருக்கு ஏற்ற கோள்கள் எத்தனை என்பது ஒரு காரணி. அவற்றில் எத்தனையில் உயிர் தோன்றும் என்பது வேறு காரணி, அந்த உயிர் அறிவுள்ளதாக வளருமா என்பது இன்னொன்று. முதலாவதற்குத் தொலைநோக்கிகள் தரவு தந்துகொண்டிருக்கின்றன. மற்ற இரண்டுக்கும் நம்மிடம் உள்ள ஒரே சான்று பூமிதான். அவர் பிரித்து வைத்ததை நம் கலைச்சொல் ஒன்றாக்கிவிடக் கூடாது.

> அப்படியானால் 'வாழ்தகு மண்டலம்'?

இது பரவாயில்லை. ஆனாலும் நிலாவைப் பாருங்கள். சூரியனிலிருந்து பூமி இருக்கும் தொலைவில்தான் அதுவும் இருக்கிறது, அதே வலயம்தான். காற்றும் இல்லை, ஓடும் நீரும் இல்லை. அதை எப்படி வாழ்தகு என்பது? மாறாக, சனியின் துணைக்கோளான என்செலடஸ் இந்த வலயத்துக்கு வெகு தொலைவு வெளியே இருக்கிறது. அதன் பனி ஓட்டுக்கு அடியில் கடலே இருக்கிறது.

தகுந்த வளிமண்டலம் அமைந்தால் கோளின் மேற்பரப்பில் நீர் ஆவியாகிவிடாமலும் உறையாமலும் நிற்கக்கூடிய தொலைவு. ஹாபிடபிள் ஜோன் என்பதற்கு வரையறை இவ்வளவுதான், உயிர் என்ற பேச்சே இதில் இல்லை. ஆகவே 'நீர்வாய்ப்பு வலயம்' என்று முன்வைக்கிறேன். வாய்ப்பு என்றால் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மண்டலத்தை விட்டதற்கும் காரணம் உண்டு: சூரிய மண்டலம், வளிமண்டலம் என்று அது ஏற்கெனவே பல வேலை பார்க்கிறது. வலயம் என்றால் விண்மீனைச் சுற்றிய வளையம் கண்முன் வந்துவிடும்.

சரி, வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: "டிராப்பிஸ்ட்-1 விண்மீனைச் சுற்றும் 7 கோள்களில் 3 நீர்வாய்ப்பு வலயத்தில் உள்ளன." எனக்கு உறுத்தவில்லை.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அப்புறம், உயிர் இருப்பதைக் காட்டும் அடையாளமான பயோசிக்னேச்சருக்கு 'உயிர்த்தடயம்' போதுமா என்று பார்க்கலாம்.